கனடா கர்லிங் 'பிரையர்' போட்டிக்கு அணிகளை எப்படிங்க எடுக்கறாங்க?

கோபி வாய்க்கால்மேடு:
வணக்கமுங்க. அக்கா வீட்டுக்காரங்க கால்கரியில இருக்காங்க, அவங்க சொல்லித்தான் 2025 பிரையர் பார்த்தனுங்க. பனித்தரையில கல்லைத் தள்ளி ஆடற கர்லிங்குல, கனடா ஆண்களோட தேசியப் போட்டிங்க அது. கெலோனாவுல பிராட் ஜேக்கப்ஸ் அணி மானிட்டோபாவோட மேட் டன்ஸ்டோன் அணியை 5-3ல ஜெயிச்சுது. ஜேக்கப்ஸ் வடக்கு ஒன்டாரியோக்காரர், ஆனா ஆடுனது ஆல்பர்ட்டா பேர்ல. அதே ஆல்பர்ட்டாவுக்கு கெவின் கோ அணியும் இருந்துச்சு. ஒரு மாகாணத்துக்கு ரெண்டு அணி எப்படிங்க? தோத்துக்கிட்டே இருக்கற வடக்குப் பிரதேசம் நுனாவுட்டுக்கு எதுக்கு ஓர் இடம்?

தாராபுரம் பி.டி. வாத்தியார்:
மொத்தம் 18 அணிங்க தம்பி. மாகாணம் 10, வடக்குப் பிரதேசம் 3, வடக்கு ஒன்டாரியோ தனியா 1. இந்த 14ம் அவங்கவங்க ஊர்ப் போட்டியில ஜெயிச்சு வரணும். போன வருச சாம்பியன் 'கனடா'ங்கற பேர்ல நேரா வந்துரும். மீதி 3 இடம் தேசியத் தரவரிசைப்படி. கோ அணி ஆல்பர்ட்டா மாகாணப் போட்டியில ஜெயிச்சு வந்துச்சு, ஜேக்கப்ஸ் அணி தரவரிசையில வந்துச்சு. அதான் ரெண்டு.

ஆளுங்க விசயத்துல, நாலு பேர்ல ஒருத்தர் வெளியூர்ல குடியிருக்கலாம். மத்தவங்க அந்த மாகாணத்துலயே இருக்கணும், இல்லைன்னா அங்க பொறந்திருக்கணும்.

நுனாவுட் இடத்தை மட்டும் குறை சொல்லாதீங்க. 2015ல இருந்து 2017 வரைக்கும் கடைசி வரிசை அணிகளை முதல்லயே தனியா மோதவிட்டு, ஜெயிச்ச ஒரே அணியைத்தான் உள்ள விட்டாங்க. மத்தவங்க அத்தனை தூரம் வந்து, முக்கியப் போட்டியில ஓர் ஆட்டம்கூட ஆடாம கிளம்ப வேண்டியதுதான். 2018ல அதை எடுத்துப்போட்டு 14 பேருக்கும் இடம் குடுத்தாங்க, அதுதான் நியாயமுங்க. கடம்பூர் மலைப் பசங்க மாவட்ட வாலிபால்ல முதல் சுத்துலயே தோத்தாலும், ஈரோட்டுப் பசங்களோட சர்வீஸை நேர்ல வாங்கிப் பழகுனவன் அடுத்த வருசம் வேற ஆளா வர்றான். நான் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தது இது. தேசியப் போட்டின்னா தேசம் பூரா வரணுமுங்க.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
சரிதானுங்க ஐயா, ஆனா 9 அணி வீதம் ரெண்டு குழு, ஆளுக்கு 8 ஆட்டம். அதுல பாதி ஒருபக்கமாவே போகுது. ஆல்பர்ட்டாவுல, மானிட்டோபாவுல ரெண்டாவதா வந்த அணி வீட்ல உட்கார்ந்து பார்க்குதே?

தாராபுரம் பி.டி. வாத்தியார்:
அவங்களுக்குத் தரவரிசை இடமும் இருக்குதுங்க. சீசன் முச்சூடும் நல்லா ஆடியிருந்தா, மாகாண இறுதியில ஒரு கல்லு தவறுனாலும் வழி இருக்குது. குழுவுக்கு முதல் மூணு பேர்தான் அடுத்த கட்டம் போறாங்க, அதனால பலமில்லாத அணி யாரோட இடத்தையும் பறிக்கறதில்லை.

கோபித் தம்பி, அடுத்த சீசன்ல மாகாண இறுதிகளையும் பாருங்க. தோத்தா வீடுதான்னு ஆடறவங்க ஒவ்வொரு கல்லுக்கும் எடுத்துக்கற நேரத்தைக் கவனிங்க.

கோபி வாய்க்கால்மேடு:
ரொம்ப நன்றிங்க ஐயா. மானிட்டோபா இறுதி எதுல வருதுன்னு மாமாகிட்டக் கேட்டுட்டு இங்கயே போடறனுங்க.