விளம்பரக் கதையை நம்பி மணிக்கூடு வாங்கலாமா?

வெள்ளவத்தையான்:
சென்ற வாரம் கொழும்பிலுள்ள ஒரு கடையில் முதன்முதலாக ஒரு சுவிஸ் மணிக்கூட்டைக் கையில் கட்டிப் பார்த்தேன். 1927இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் றோலெக்ஸ் ஒய்ஸ்டர் என்ற தண்ணீர் புகாத மணிக்கூட்டுடன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று விற்பனையாளர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினால், அவர் கடந்தது ஒக்டோபர் 7ஆம் திகதி, மணிக்கூடு இல்லாமல். மணிக்கூட்டுடன் இறங்கிய 21ஆம் திகதி அவர் மறுகரை சேரவேயில்லை. இப்படிப்பட்ட கதைகளை மூத்தவர்கள் ஏன் இன்னமும் மெச்சுகிறீர்கள்?

பழைய முள்:
தம்பி, திகதிகள் சரி. ஆனால் 21ஆம் திகதி நடந்ததை முழுவதும் வாசியுங்கள். அவருடைய கழுத்தில் தொங்கிய மணிக்கூடு, பத்து மணித்தியாலத்துக்கும் மேலாகக் குளிர்ந்த கடலில் கிடந்த பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. திருகி மூடும் கூட்டுக்குள் தண்ணீர் புகாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நவம்பர் 24ஆம் திகதி டெய்லி மெயில் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதையும் வாங்கி விளம்பரம் செய்யும் துணிவு அங்கிருந்துதான் வந்தது. கால்வாயைக் கடந்ததாகச் சொல்வது பிற்காலத்தவர் வாய்க்கு வாய் ஏற்றிய மெருகு.

வெள்ளவத்தையான்:
ஐயா, அன்று அது அரிய விடயம். இன்று மலிவான ஜப்பானிய மணிக்கூட்டுக்குள்ளும் தண்ணீர் போவதில்லை. நேரம் பிசகாமையில், 1969இல் சீகோவின் குவாட்ஸ், அதாவது மின்கலத்தில் ஓடும் மணிக்கூடு, வந்த நாளிலேயே பற்சக்கர மணிக்கூடு தோற்றுவிட்டது. 1996 முதல் பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனம் வெளியிடும் விளம்பரங்களில் தந்தையும் மகனும் இருக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்காகப் பாதுகாப்பது பற்றிய பேச்சு இருக்கிறது. மணி காட்டுவதைப் பற்றி எதுவும் இல்லை.

பழைய முள்:
அந்த விளம்பரத்துக்காக நான் வாதாட வரவில்லை. பாசத்தைச் சோதித்துப் பார்க்க என்னிடம் கருவி கிடையாது. எங்களைப் போன்ற மணிக்கூடு திருத்துபவர்களுக்கு உறுத்துவது சின்ன எழுத்துத்தான். முகப்பில் 100 மீற்றர் என்றிருந்தால், புதியவர் அதை நீந்தக்கூடிய ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார். அது புத்தம்புதிய கூட்டை அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த அளவு. புறக்கோட்டையில் என் மேசைக்கு வந்த ஒன்றின் பின்மூடியைத் திருகிக் கழற்றியபோது, தண்ணீரைத் தடுக்கும் இறப்பர் வளையம் தார்போலக் குழைந்து ஊசிமுனையில் ஒட்டியது. கல்கிசைக் கடலில் ஒருநாள் குளித்ததற்கே முட்களின் அடியில் துரு ஏறியிருந்தது. வளையத்தை மாற்ற வேண்டும் என்று எந்த விளம்பரம் சொல்கிறது?

கொட்டாஞ்சேனை மைனா:
அண்ணா, நீங்கள் மட்டும் விளம்பரத்துக்கு மசியாதவர் போலப் பேசுகிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

பழைய முள்:
பிடித்துவிட்டீர்கள், தங்கச்சி. சந்திரனுக்குப் போன மணிக்கூடு என்பதற்காகத்தான். ஆனாலும் 1965இல் நாசா அதைச் சூட்டிலும் குளிரிலும் அதிர்விலும் சோதித்த பின்னரே ஏற்றது. அப்போலோ 11இல் போனதற்குள் இருந்தது 321 என்ற இலக்கமுள்ள இயந்திரம். என்னுடையது அதற்குப் பிந்திய 861. அது தெரிந்துதான் காசு கொடுத்தேன்.

வெள்ளவத்தையான்:
அப்படியானால் கிளைட்ஸ் கரை சேரவில்லை என்று தெரிந்துகொண்டே நானும் வாங்கலாம் போலிருக்கிறதே!

பழைய முள்:
தாராளமாக வாங்குங்கள். காசைக் கொடுக்கும் முன், அதன் பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவர் கொழும்பில் யார், வளையம் மாற்ற எவ்வளவு எடுப்பார் என்று அந்த விற்பனையாளரிடமே கேளுங்கள்.