ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் அம்மாவின் வாட்ஸ்அப் போய்விட்டது. உதவி தேவை

முத்தியால்பேட்டை மகன்:
நான் இருப்பது புதுச்சேரியில். அம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். காலையில் கூரியரிலிருந்து பேசுவதாக ஒரு போன். "பார்சல் வந்திருக்கு, வீடு தெரியலை. மெசேஜில் ஒரு நம்பர் அனுப்பியிருக்கேன், அதை அடிச்சா டெலிவரி பையனுக்கே லைன் போகும்." நான் நிஜமாகவே மிக்சி ஜார் ஆர்டர் போட்டிருந்ததால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த நம்பர் ஸ்டார் 21 ஸ்டார் என்று தொடங்கி, பத்து இலக்க எண், கடைசியில் ஹேஷ்.

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது. பாகூர் சித்தப்பாவுக்கு அம்மா பெயரில் "அவசரம், 15,000 அனுப்பு" என்று செய்தி போயிருக்கிறது. அவரும் கையிலிருந்த 8,000-ஐ யுபிஐயில் அனுப்பிவிட்டார். நான் அம்மாவைக் கூப்பிட்டால் யாரோ எடுத்து உடனே வைக்கிறார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டால் மட்டும் பேச முடிகிறது. ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். போனை ரீசெட் செய்துவிடலாமா?

நெல்லிக்குப்பம் செல்கடை:
ரீசெட் வேண்டாம், பயனில்லை. அம்மா அடித்தது கால் ஃபார்வர்டிங் போடும் கோடு, அதாவது அம்மாவுக்கு வரும் அழைப்பையெல்லாம் அந்த மோசடிக்காரன் எண்ணுக்குத் திருப்பிவிடும். அது பதிவாவது நெட்வொர்க்கில், போனில் இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அழைப்பு அவனுக்குத்தான் போகும்.

அம்மா சொன்னது உண்மைதான். வாட்ஸ்அப் ஆறு இலக்கக் கோடை எஸ்எம்எஸ்ஸில் மட்டுமல்ல, போன் செய்தும் சொல்லும். அவன் போன் வழியைக் கேட்டிருப்பான், அந்த அழைப்பு நேராக அவனிடம் போயிருக்கும். அம்மா வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

முதலில் அம்மா போனிலிருந்து ##002# அடிக்கச் சொல்லுங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும். இரண்டு சிம் போன் என்றால் எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பார்த்து அடிக்கணும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் *#21# அடித்துச் சரிபாருங்கள். அது முடிந்த பிறகே வாட்ஸ்அப்பில் கோடு கேளுங்கள். மாற்றிச் செய்தால் புதுக் கோடும் அவனுக்கே போகலாம்.

பாகூர் ஏரிக்கரை:
பெரியவர்கள் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

நெல்லிக்குப்பம் செல்கடை:
கவனமாகத்தானே இருந்தார்? ஓடிபியைச் சொல்லாதே என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தோம், அதன்படியே நடந்தார். கோடு அடிக்காதே என்று யார் சொன்னோம்?

முத்தியால்பேட்டை மகன்:
அடித்தாச்சு. இப்போது நான் கூப்பிட்டால் அம்மாவே எடுக்கிறார். ஆனால் வாட்ஸ்அப் ஆறு இலக்கக் கோடை வாங்கிக்கொண்டு, இன்னொரு பின் (PIN) நம்பர் கேட்கிறது. அம்மா அப்படி எதுவும் வைத்ததில்லை.

புதுவை ராத்திரி ஷிப்ட்:
அது அவன் வைத்த பின் நம்பர். ஏழு நாள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம். சரியான கோடு போட்டதுமே அவன் வெளியே தள்ளப்பட்டிருப்பான், அதனால் பதற வேண்டாம். உள்ளே போனதும் நீங்களே ஒரு பின் வைத்துவிடுங்கள். அதுவரை சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.

சித்தப்பா 1930-க்கு, அதான் சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, கூப்பிட்டாரா? அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்கணும்.

முத்தியால்பேட்டை மகன்:
இல்லை. அம்மா கடலூர், அவர் பாகூர். எந்த ஊர் போலீஸ் என்று குழம்பி உட்கார்ந்திருக்கிறார்.

புதுவை ராத்திரி ஷிப்ட்:
பணம் போனது அவர் கணக்கிலிருந்து, புகாரை அவர்தான் கொடுக்கணும். சைபர்கிரைம் தளத்தில் மாநிலம் கேட்கும் இடத்தில் புதுச்சேரி. பணம் அனுப்பியதற்கான 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவரே அனுப்பிய பணம் என்பதால் வங்கி ஈடு தரும் என்று நம்ப வேண்டாம். அவன் எடுப்பதற்குள் அந்தக் கணக்கை முடக்கினால்தான் உண்டு. அம்மாவுக்கு போன் வந்த எண்ணை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளுக்கான 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யலாம்.

முத்தியால்பேட்டை மகன் (மறுநாள்):
சித்தப்பாவுக்குப் புகார் எண் வந்துவிட்டது. 3,500 மட்டும் முடக்கியிருக்கிறார்கள், மீதி போச்சு. நேற்று சாயங்காலம் நிஜ டெலிவரி பையன் வழி கேட்டுக் கூப்பிட்டிருக்கிறான். அம்மா மூன்று முறை திட்டிவிட்டு வைத்திருக்கிறார். மிக்சி ஜார் எதிர்வீட்டில் இருக்கிறது.