மறுமொழி: நாய்ஸ் அபேட்மென்ட் டிபார்ச்சர் ப்ரொசீஜர் – தமிழில் என்ன?

ஐயா, வணக்கம்.

விமானம் ஏறும்போது கீழே இருப்பவர்களுக்குச் சத்தம் குறைய விமானிகள் பின்பற்றும் நாய்ஸ் அபேட்மென்ட் டிபார்ச்சர் ப்ரொசீஜருக்கு நீங்கள் தந்த 'ஒலிக் குறைப்புப் புறப்பாட்டு நடைமுறை' பொருள் பிசகாத சொல்தான். ஆனாலும் எனக்குச் சில இடங்களில் இடறுகிறது.

நான் இருப்பது சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் காற்றை எதிர்த்து எங்கள் தலைக்கு மேலேதான் ஏறும். போனில் பேசுபவரை 'இருங்க, பிளேன் போகுது' என்று நிறுத்திவைப்போம். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் உரசிக் கிணுகிணுக்கும். இது ஒலி என்றால் நாதஸ்வரத்தை என்னவென்பது? இரைச்சல் என்றே வைப்போம்.

'குறைப்பு' என்பதில்தான் பெரிய சிக்கல். இந்த நடைமுறையில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் குறைந்தது 800 அடி ஏறிய பிறகே மாற்றம் தொடங்கும். முதல் வகையில் உந்துவிசையைக் குறைத்துக்கொண்டு, இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் மடல்களை (ஃபிளாப்) மடக்காமல், வேகத்தையும் கூட்டாமல் 3,000 அடி வரை ஏறுவார்கள். வேகத்துக்குப் போகவேண்டிய விசை உயரத்துக்குப் போகிறது. ஓடுபாதையை ஒட்டி இருப்பவர்களை விமானம் நல்ல உயரத்தில் கடக்கும். இரண்டாம் வகையில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் பிடித்து, மடல்களை மடக்கத் தொடங்கி, அப்புறம்தான் உந்துவிசையைக் குறைப்பார்கள். இதில் பயன் தள்ளி இருப்பவர்களுக்கு. முதல் வகையால் பொழிச்சலூரில் தணிந்தால், தள்ளி இருக்கும் சோமங்கலம் பக்கம் கூடலாம். யாருக்குக் குறைகிறது என்று சொல்லாத 'குறைப்பு' அரைகுறை.

நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது: இவன் அண்மைச் சுட்டு, அவன் சேய்மைச் சுட்டு. முதல் வகை அண்மைத் தணிப்பு, இரண்டாவது சேய்மைத் தணிப்பு. விளக்கமே வேண்டாம்.

'புறப்பாடு' என்றதும் எனக்குச் சாமி புறப்பாடு நினைவுக்கு வருகிறது, அது என் குறை. ஆனால் விமானம் புறப்படுவது பயணிகள் ஏறும் வாயிலிலிருந்தே தொடங்கிவிடுகிறது. இங்கே பேச்சு ஏறும் விதம் பற்றி மட்டும். ஆகவே 'இரைச்சல் தணி ஏறுமுறை'. 'தணி ஏறுமுறை' ஊறுகாய் போல வினைத்தொகை, உருபு தொங்காது. கணக்குப் பாடத்து ஏறுவரிசையோடு குழம்பும் என்பீர்கள். முன்னால் இரைச்சல் நிற்கும்போது குழம்பாது.

உந்துவிசையைக் குறைக்கும் அந்தக் கட்டத்துக்கு, கட்பேக் என்கிறார்களே, அதற்குத்தான் இன்னும் சிக்கவில்லை. 'விசையடக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், நல்லடக்கம் போல ஒலிக்கிறது. விமானத்தில் போகிறவர் யாரும் விரும்பமாட்டார். உங்களிடம் வேறு ஏதும் இருக்கிறதா?