மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமா?

மூஞ்சிக்கல் டீச்சர்:
நேற்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், "சுகர் மாத்திரை போடுற வரைக்கும் உங்க விசுவாசம் அரைகுறைதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்று காலை மாத்திரை அட்டை பைபிளுக்கு அடியில் கிடக்கிறது. அம்மா தொடவே இல்லை. வயது எழுபத்திரண்டு. கடவுள் கொடுத்த புத்தியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் ஜெபிக்க உட்கார வேண்டுமா? "புரிந்துகொள்ளத் தேடும் விசுவாசம்" என்று இறையியலாளர் அன்செல்ம் சொல்லி 900 வருஷத்துக்கு மேல் ஆகிறதே!

நாயுடுபுரம் தம்பி:
அக்கா, முதல்ல அம்மாவுக்கு மாத்திரையக் கொடுங்க. அவர் சொன்னது தப்பு. அதுக்காக விசுவாசத்தைப் புத்திக்குக் கீழே உட்கார வைக்காதீங்க. பாஸ்கல் எப்பேர்ப்பட்ட கணக்குப்புலி! 1654 நவம்பர் 23 ராத்திரி தேவன் அவரைத் தொட்டதை எழுதி, அங்கிக்குள்ளேயே வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளின் தேவன் அல்ல என்று அதில் இருந்தது. இறையியல்ல பெரிய பெரிய நூல் எழுதின அக்வினாஸும் 1273 டிசம்பரில், எழுதியதெல்லாம் வைக்கோல் என்று பேனாவை வைத்துவிட்டார். எங்கப்பா கடைசி நாளில் படுத்திருந்தப்போ தர்க்கம் எதுவும் துணைக்கு வரல. கையைப் பிடிச்சுக்கிட்டு 23ஆம் சங்கீதம்தான் சொன்னேன்.

பெருமாள்மலை:
தம்பி, அப்பாவைப் பற்றிச் சொன்னது மனதைப் பிசைகிறது. ஆனால் பாஸ்கலைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். புத்தியை ஒதுக்குவது, புத்தியை மட்டும் ஏற்பது, இரண்டுமே மிதமிஞ்சியது என்று எழுதியவரும் அவர்தான். அக்வினாஸ் வைக்கோல் என்றது, தமக்குக் காட்டப்பட்டதோடு ஒப்பிட்டு. பொய் என்று சொல்லவில்லை. ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் இன்னும் கடுமை. வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றிக் கிறிஸ்தவன் உளறுவதைக் கேட்கிற புறமதத்தான், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்டார். நம் கொடைக்கானல் செண்பகனூர் மியூசியத்தில் பறவையும் பூச்சியுமாகச் சேர்த்து வைத்தது யார்? பூசை வைக்கிற சேசு சபைச் சாமியார்கள்தானே!

நாயுடுபுரம் தம்பி:
ஒத்துக்கிறேன் அண்ணே. ஆனா பூச்சியை அடையாளம் காட்டுற அறிவு, மன்னிப்பு கேட்டு அழ வைக்காது. அந்த இடத்துக்கு விசுவாசம் மட்டும்தான் கூட்டிட்டுப் போகும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மூஞ்சிக்கல் டீச்சர்:
அந்த இடம் வரைக்கும் நடந்து போகவும் கால் வேண்டும் தம்பி. மத்தியானம் அம்மாவிடம் 1 தீமோத்தேயு 5:23 எடுத்துக் கொடுத்தேன். வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதுகிற இடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். "பவுலே ஜெபத்தோட நிறுத்தலயா?" என்றார். பிறகு வெந்நீர் கேட்டார். மாத்திரை போட்டாயிற்று.

நாயுடுபுரம் தம்பி:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சாயங்காலம் சுகர் பார்த்துட்டுச் சொல்லுங்கக்கா.