கேரவன் வேனில் ஸ்டீரியோ மாற்றம்: மின்சாரம் எந்த பேட்டரியிலிருந்து எடுப்பது?

ஆழியாற்றங்கரை:
எங்கள் டெம்போ டிராவலரைக் கரூரில் ஒரு பட்டறையில் கொடுத்து, படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி எல்லாம் வைத்துக் கேரவனாகக் கட்டி வாங்கியிருக்கிறோம். டேஷ்போர்டில் இருக்கும் சிடி ஸ்டீரியோ பழையது. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, குலுக்கம் தாங்காமல் பாட்டு விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அதைக் கழற்றிவிட்டு, தொடுதிரை, புளூடூத், பின்பக்கக் கேமரா ஆகிய வசதிகள் உள்ள இரட்டை டின் (சாதாரண ஸ்டீரியோவைப் போல இரு மடங்கு உயரமுள்ள) கருவியைப் பொருத்தப் போகிறேன். ஸ்பீக்கர்கள் முன்னால் இரண்டும் படுக்கைப் பகுதியில் இரண்டும் வரும். வண்டியில் இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரியும், உள்ளே விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்காக 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்றும் தனித்தனியாக உள்ளன. புதிய ஸ்டீரியோவை எதில் இணைப்பது என்பதில் வீட்டிலேயே இரண்டு கருத்து இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

காங்கேயத்தான்:
இன்ஜின் பேட்டரியிலேயே இணையுங்கள் தம்பி. டேஷ்போர்டுக்குப் பின்னால் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஃபியூஸோடு ஏற்கெனவே வந்து நிற்கின்றன. சாவியைத் திருப்பினால் கருவி உயிர்பெறும், எடுத்தால் அணையும். பின்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து புதிதாக வயர் இழுத்தால், பலகைக்குள் ஓடும் அந்த வயர் எங்கே உராய்கிறது என்பது பின்னாளில் யாருக்கும் தெரியாது. உங்கள் குளிர்பெட்டி சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்கு 48 ஆம்பியர்-மணி போய்விடும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், உங்களுக்குப் புழங்கக் கிடைப்பதே ஏறத்தாழ 50தான். அதில் ஸ்டீரியோவுக்கு எங்கே இடம்?

நொய்யல் மகள்:
அண்ணா, குளிர்பெட்டிக் கணக்கு சரியானதே. ஆனால் ஒரு பேட்டரி தீர்ந்துபோனால் என்ன நேரும் என்பதிலிருந்துதான் இதை முடிவு செய்ய வேண்டும் என்று நான் கருதுகிறேன். உள் பேட்டரி தீர்ந்தால் பால் திரிந்துபோகும். இன்ஜின் பேட்டரி தீர்ந்தால், தள்ளிக் கிளப்ப ஆளில்லாத மலைச்சாலையில் குழந்தைகளோடு நிற்க வேண்டியிருக்கும். மிதமான ஒலியில் பாடும் ஸ்டீரியோ 2 ஆம்பியர் எடுத்தால், மாலையில் நான்கு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-மணி ஆகிறது. கூரையில் ஒரு சோலார் பலகை இருந்தால், நம் ஊர் வெயிலுக்கு அடுத்த நாள் முற்பகலிலேயே அது திரும்பிவிடும்.

பாட்டு ஓடாத நேரத்துக் கணக்குத்தான் இதைவிட முக்கியமானது. தொடுதிரைக் கருவிகள் பல, சாவியை எடுத்த பிறகும் முழுமையாக அணையாமல், மஞ்சள் வயர் வழியாகச் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 30 மில்லியாம்பியர் என்றால் ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி, வேனை ஒரு மாதம் கொட்டகையில் நிறுத்தினால் ஏறத்தாழ 22 ஆம்பியர்-மணி. இன்ஜின் பேட்டரி தானாக இழப்பதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். மேலும் ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் அந்த பேட்டரியின் அழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் திரை அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

காங்கேயத்தான்:
அம்மணி சொல்லும் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கேமராவை மறந்துவிட்டீர்கள். உள் பேட்டரியின் சுவிட்சைப் போட்டால்தான் கருவி இயங்கும் என்று அமைத்து, ஓட்டுநர் சுவிட்சைப் போட மறந்தால், ரிவர்ஸ் கியர் போடும்போது திரை கறுப்பாகவே இருக்கும். திம்பம் மலைச்சாலையின் 27 வளைவுகளில் எதிரே லாரி வந்துவிட்டால் இவ்வளவு நீள வண்டியைப் பின்னால் எடுக்க நேரும். அந்த இடத்தில் கேமரா சாவியோடு சேர்ந்தே விழித்திருக்க வேண்டும். இன்னொன்று, கருவிக்கு ஒரு எர்த்தும் ஆம்ப்ளிஃபையருக்கு வேறொரு எர்த்தும் கொடுத்தால், இன்ஜின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் கீச்சென்ற இரைச்சலும் ஏறும். எங்கள் உறவினர் வேனுக்கு ஒரு கடையில் அப்படித்தான் பூட்டிக் கொடுத்தார்கள்; ஊட்டி போய் வரும் வரை யாராலும் பாட்டுக் கேட்க முடியவில்லை.

கரூர்ப் பட்டறை:
இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், இருவர் சொல்வதிலும் பாதியை ஏற்கிறேன். பாட்டுக்கான சுமை முழுவதும் மஞ்சள் வயரில்தான் ஓடுகிறது. சிவப்பு வயர் கருவியை எழுப்புவதற்கு மட்டுமே. ஆகவே மஞ்சளை உள் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். சிவப்புக்குச் சாவியிலிருந்து ஒரு வழியும், படுக்கைப் பக்கச் சுவிட்சிலிருந்து ஒரு வழியும் கொடுத்து, ஒவ்வொன்றிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைப் போடுங்கள். டையோடு இல்லாவிட்டால், சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் பின்வழியாக ஏறி, வண்டியின் மற்ற ஆக்சசரிகளையும் எழுப்பிவிடும். இந்த அமைப்பில் சாவியைத் திருப்பினால் கேமரா எப்போதும் தயாராக இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகு சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம். இரண்டு பேட்டரிகளின் எர்த்தும் சேசிஸில் உறுதியாக ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் வயர் 4 சதுர மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது. ஃபியூஸ் டேஷ்போர்டில் இருந்தால் போதாது, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பலகைக்குள் வயர் உராய்ந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

ஸ்பீக்கரைப் பற்றி யாரும் பேசாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் 4×50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தக் கருவிகள் தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட்தான். ஒரு படுக்கை அறை அளவுள்ள வண்டிக்கு அது தாராளம். படுக்கைப் பக்கம் கூடுதலாக இரண்டு போடலாம் என்று கருவியின் ஒரே ஸ்பீக்கர் வெளியீட்டில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்தால் 2 ஓம் ஆகிவிடும். கருவி சூடேறிக் கருகும். ஸ்பீக்கரின் எதிர்முனையை வண்டியின் உடலில் எர்த் செய்யவே கூடாது.

ஆழியாற்றங்கரை:
மிக்க நன்றி ஐயா. மலைமேல் கைபேசி சிக்னல் போய்விடுகிறபடியால் எங்களுக்கு வானொலியும் வேண்டும். கோடை பண்பலை 100.5 கேட்காமல் அப்பாவுக்குப் பயணமே ஓடாது. மேற்கூரை ஃபைபரால் ஆனது. ஏரியலை அதிலேயே நட்டுவிடலாமா?

கரூர்ப் பட்டறை:
கம்பி ஏரியலுக்கு அடியில் உலோகத் தகடு இருந்தால்தான் நன்றாக எடுக்கும். முன்பக்க உலோக உடலில் நடுங்கள். ஃபைபரிலேதான் நட வேண்டுமென்றால், உள்பக்கம் ஒரு தகடு வைத்து அதைச் சேசிஸோடு இணையுங்கள்.

காங்கேயத்தான்:
டையோடு யோசனை நன்றாக இருக்கிறது. கேமராவைப் பற்றிய என் கவலை தீர்ந்தது. ஆனாலும் நீண்ட வயரும் கூடுதல் இணைப்புகளும் தேவைதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. கருவி தூங்கும்போது 10 மில்லியாம்பியருக்குள்தான் எடுக்கிறது என்றால், மாதத்துக்கு ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணிக்கு மேல் கரையாது. அதை இன்ஜின் பேட்டரி தாங்கும்.

நொய்யல் மகள்:
அதை அளந்தே பார்த்துவிடலாம் அண்ணா. டேஷ்போர்டை மூடுவதற்கு முன், சாவியை எடுத்துவிட்டு, மஞ்சள் வயரின் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, முள்ளோ எண்ணோ ஆடாமல் நிற்கும் வரை கால் மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள். மீட்டரைக் கோத்தபடி கருவியைப் பாடவிட வேண்டாம். மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். வந்த அளவை இங்கே எழுதுங்கள். 10க்குள் இருந்தாலும், வண்டி நிற்கும்போது மாலை நேரப் பாட்டுக்கு இன்ஜின் பேட்டரியைத் தொடக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.