புதுப்பிப்பு: மகள் கிரின்னலில் சேர்ந்துவிட்டாள்

மகளுக்குப் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலும் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் கிரின்னல் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேர்க்கலாம் என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கிரின்னலில் ஒரு செமஸ்டர் முடித்துவிட்டாள்.

“பேரே கேள்விப்படலையேப்பா” என்று திருச்சியிலிருந்து அம்மா வருத்தப்பட்டார். இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் பட்டம் வாங்கியது அங்கேதான் என்றேன். அரைமனதாகச் சமாதானமானார்.

எனக்கு மனசு நிறைந்தது டிசம்பரில். லீவுக்கு வந்தவள் பையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டினாள். ஓரமெல்லாம் பேராசிரியரின் பென்சில் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில், “இது உன் கருத்தா, புத்தகத்தினுடையதா?” என்று ஒரு கேள்வி. அங்கே எல்லோருக்கும் கட்டாயமான பாடம் முதலாண்டு டுடோரியல் ஒன்றுதான். எழுதவும் விவாதிக்கவும் பழக்கும் சின்ன வகுப்பு. நடத்துபவரே மாணவருக்கு வழிகாட்டியும்கூட. முதுநிலைப் படிப்பு இல்லாததால் ஆய்வகத்தில் பேராசிரியரோடு நிற்பதும் இளநிலைப் பிள்ளைகள்தான்.

ஊர் ரொம்பச் சின்னது. டெ மாய்ன் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, பனிக்காலத்தில் அது சிரமம்தான்.

கோடையில் வேதியியல் ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறாள். கடிதத்தை இதுவரை மூன்று முறை திருத்தியாயிற்று.