கூரை திறக்கும் பழைய கார் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

மன்னார்குடி, திருவாரூர் பக்கமிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்த தம்பிகள் இரண்டு மூன்று பேர் கேட்டது ஒரே கேள்விதான்: துணிக்கூரையைத் திறந்து மூடும் இரண்டு சீட் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐப் பழசாக வாங்கலாமா? வாங்கலாம். 1989-லிருந்து வருகிற வண்டி, எஞ்சின் உழைக்கும், பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நான் அங்கே இருந்த காலத்தில் நம் பையன்களுக்காகப் போய்ப் பார்த்த கார்களை வைத்துச் சொல்கிறேன், இதைக் கெடுப்பது எஞ்சின் இல்லை, தண்ணீர்.

கார் பார்க்கக் கிளம்பும் முன்பே அந்த வண்டி நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், ஆனால் அதற்குக் கேட்கும் பிரீமியம் சில நேரம் கார் விலையையே தொட்டுவிடும். அங்கேயே டெஸ்ட் எழுதி லைசென்ஸ் எடுத்த பிறகு வாங்குவதுதான் என் யோசனை.

சரி, கார் முன்னால் நிற்கிறது. விற்பவர் கூரையைத் திறந்து வைத்து ஜோராக நிறுத்தியிருப்பார். மூடச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து துணி மடிப்பில் கிழிசல் இருக்கிறதா, கண்ணாடி ஓரத்து ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் கைவிட்டு அமுக்கினால் ஈரம் தெரியும், பூஞ்சை வாடை அதற்கு முன்பே மூக்கில் ஏறும். கூரையில் விழும் மழைநீர் இரண்டு பக்கமும் சீட் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். அதில் இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிதவறி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற இரும்புப் பெட்டிக்குள் போய்த் தேங்கும். வடிகால் அடைத்த வயலில் பயிர் அழுகுகிற கதைதான், டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அரை டம்ளர் தண்ணீரை அந்தத் துளையில் மெதுவாக ஊற்றிக் குனிந்து பாருங்கள். கீழே வரவில்லை என்றால் விலை பேசும் முன் யோசியுங்கள்.

துரு முதலில் பிடிக்கும் இடமும் அதுதான், பின்சக்கர வளைவும் சில்லும் சேரும் மூலை. குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், வேதாரண்யத்துச் சைக்கிள் மாதிரி ஆகிவிடும் அடிப்பாகம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த மூலையில் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 1998-க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை வண்டி என்றால் முன்பக்க சேசிஸையும் ஒரு மெக்கானிக்கை வைத்து லிப்டில் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போகலாம். முதல் இரண்டு தலைமுறைக்கும் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளை ஓட்டும் ரப்பர் பட்டை, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும்.

காகிதம்: எம்.ஓ.டி. என்பது வண்டி ஓடத் தகுதியானதா என்று அங்கே வருஷா வருஷம் செய்யும் சோதனை, அதன் வரலாற்றை நம்பர் போட்டு அரசாங்கத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷ மைல் கணக்கும், துரு பற்றிய எச்சரிக்கையும் அதில் இருக்கும். லாக்புக்கில் (நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி) பேர் இருப்பவர் பதிவு செய்தவர்தான், சட்டப்படி உரிமையாளர் என்று அர்த்தம் இல்லை, கார் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கட்டித் தனியாகச் சோதியுங்கள். லண்டனில் இருப்பவர்கள், 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார் பலவற்றுக்கும் யூலெஸ் என்ற புகைமாசுக் கட்டணம் ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்க நல்ல நேரம் நம் ஊரில் ஐப்பசி அடைமழை கொட்டும் மாதங்கள். அங்கே குளிர் தொடங்கி இந்தக் காரைக் கேட்பார் குறைவு, விலை இறங்கும், மழையில் ஒழுகுவதும் தெரியும். அப்புறம், பழைய ரோடு டாக்ஸ் உங்கள் பேருக்கு மாறி வராது, நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும். அதுவும் இன்ஷூரன்ஸும் முடியாமல் வண்டியை அங்கிருந்து நகர்த்தாதீர்கள்.